கொலீக் யார், ஃப்ரெண்ட் யார்? இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் ‘நண்பர்’ என்ற சொல் எவரையும் எளிதில் உள்ளே அழைத்துக்கொள்ளும். முன்பின் பார்த்திராதவர்கள் நிறைந்த அவையை ‘நண்பர்களே’ என்று விளிக்கிறோம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கும்போது ‘நண்பர் ஒருவர் கேட்டார்’ என்று எழுதுகிறோம். உடன் வேலை செய்பவரை வீட்டாருக்கு அறிமுகப்படுத்தும்போது ‘ஆபீஸ் ஃப்ரெண்ட்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழைகிறவர் எல்லோரையும் ஃப்ரெண்ட் என்று சொல்லத் தொடங்குகிறார். ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவரோ அதே சொல்லில், சொன்னவர் எண்ணியிராத ஒரு நெருக்கத்தைப் புரிந்துகொள்கிறார். இலக்கணப் பிழை எதுவும் இல்லாத வாக்கியத்தில் இந்தப் பிழை ஒளிந்திருப்பதால் யாரும் திருத்துவதில்லை, அது அப்படியே நிலைத்துவிடுகிறது. அதைக் களைவதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: இந்த உறவை உண்டாக்கியது எது என்று கேளுங்கள்

ஒருவரைக் குறிப்பிடுவதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் இருவரையும் இணைத்தது வேலையா, விருப்பமா? வேலை இணைத்திருந்தால் அவர் கொலீக். விருப்பம் இணைத்திருந்தால் அவர் ஃப்ரெண்ட். ‘அவரை எனக்குப் பிடிக்குமா?’ என்பது இங்கே தவறான கேள்வி. பிடிக்காதவரும் கொலீக்காக இருக்கலாம், நாள்தோறும் சண்டையிடுபவரும் கொலீக்காகவே இருப்பார், ஒரு முறைகூட நேரில் பார்த்திராமல் வேறொரு நகரத்துக் கிளையில் இருந்துகொண்டு அதே திட்டத்தில் பணிபுரிபவரும் கொலீக்தான். நீங்கள் பணியில் சேர்ந்த நாளிலேயே அந்தச் சொல் உங்கள் இருவருக்கும் பொருந்திவிடுகிறது. அதற்கு உங்கள் சம்மதமோ அவருடைய சம்மதமோ தேவையில்லை.

ஃப்ரெண்ட் அப்படித் தானாக வந்து பொருந்தும் சொல் இல்லை. ஒருவரை ஃப்ரெண்ட் என்று சொல்லும்போது நீங்கள் ஓர் உரிமை கோருகிறீர்கள். அந்த உரிமையை அவரும் ஏற்றால்தான் சொல் நிற்கும். நான் உங்கள் கொலீக் என்றால் நீங்களும் என் கொலீக் என்பதில் எவருக்கும் ஐயம் வராது. நான் உங்களை ஃப்ரெண்ட் என்று நினைக்க, நீங்கள் என்னை அப்படி நினைக்காமல் இருப்பதோ நடக்கக்கூடியது, பலருக்கு நடந்தும் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்வரும் படிகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைப்பதைக் காணலாம்.

இரண்டாம் படி: சொற்களின் வேரைத் தொட்டுப் பாருங்கள்

கொலீக் என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் லத்தீனின் ‘கொலேகா’. ‘உடன்’ என்று பொருள்படும் முன்னொட்டும், ஒருவரைத் தேர்ந்து பொறுப்புடன் அனுப்புவதைக் குறிக்கும் வினையடியும் சேர்ந்த சொல் அது. ஒரே பதவிக்கு உடன் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். பண்டைய ரோமக் குடியரசில் ஆண்டுதோறும் கான்சல்கள் எனப்படும் தலைமை ஆட்சியாளர்கள் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒருவர் மற்றவருக்குக் கொலேகா. அவர்கள் அரசியலில் எதிரெதிர் அணியினராக இருந்தாலும் அந்தச் சொல் பொருந்தியது, ஏனென்றால் அது பதவியைப் பற்றிய சொல்லாகவே இருந்தது. காலேஜ் என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரே பொறுப்பைப் பகிர்ந்தவர்களின் கூட்டம் என்பதே அதன் பழம்பொருள். எழுத்தைப் பார்த்துவிட்டு, கொலீக்கின் பின்பாதியில் ‘லீக்’ என்ற சொல் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். கூட்டணியைக் குறிக்கும் அந்த லீக், கட்டுதல் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவு இல்லை.

ஃப்ரெண்ட் ஆங்கிலத்தின் சொந்த மண்ணில் விளைந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ‘ஃப்ரேயோண்ட்’. ‘நேசித்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்து ‘நேசிக்கிறவர்’ என்று பொருள்பட்டது. அதற்கு நேர் எதிராக, ‘வெறுத்தல்’ என்ற வினையிலிருந்து அதே அச்சில் வார்க்கப்பட்ட சொல்லே இன்று பேயையும் கொடியவரையும் குறிக்கும் ‘ஃபீண்ட்’. தொடக்கத்தில் அதற்குப் பகைவர் என்பதுதான் பொருள். ஆக, ஃப்ரெண்ட் என்ற சொல்லின் கருவில் இருப்பது ஓர் உணர்ச்சி, கொலீக் என்ற சொல்லின் கருவில் இருப்பது ஒரு நியமனம். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இந்தக் கரு மாறவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பழைய ஆங்கில நாவல்களைப் படிப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 18, 19-ஆம் நூற்றாண்டு எழுத்தில் ஒரு பெண்ணின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ அவளுடைய திருமணத்துக்கு ஒப்புதல் தரவில்லை என்று வந்தால், அது பெரும்பாலும் அவளுடைய பெற்றோரையும் உறவினரையும் குறிக்கும்.

ஒலியையும் எழுத்தையும் சேர்த்தே பழகிவிடுவது நல்லது. கொலீக்கில் அழுத்தம் முதல் அசையில் விழும். இறுதியில் வருவது ‘சங்கு’ என்பதில் நாம் ஒலிக்கும் மெல்லிய ககரம். அதன்பின் எழுதப்படும் யு, இ ஆகிய இரண்டு எழுத்துகளுக்கும் ஒலி இல்லை. ஃப்ரெண்டில் ஐ என்ற எழுத்து முன்னும் இ என்ற எழுத்து பின்னும் வரும், ஆனால் ஐ ஒலிக்காது.

மூன்றாம் படி: கொலீக் என்ற வட்டத்தின் எல்லையை அளந்துகொள்ளுங்கள்

அகராதியைத் திறந்தால் கொலீக்குக்கு நேராகச் ‘சக ஊழியர்’ என்று இருக்கும். இது பாதி உண்மைதான். ஊழியர் என்ற சொல் ஒரு முதலாளியையோ நிறுவனத்தையோ கூடவே அழைத்து வருகிறது. ஆங்கிலத்தில் கொலீக்காக இருப்பதற்கு ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்க வேண்டும் என்பதில்லை. ஓர் இதய மருத்துவர், வேறொரு மருத்துவமனையில் பணிபுரியும் மற்றோர் இதய மருத்துவரைத் தம் கொலீக் என்று இயல்பாகச் சொல்வார். ஒரு பேராசிரியர், வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தம் துறையில் ஆய்வு செய்பவரைக் கொலீக் என்பார். தமிழில் இதற்கு நம்மிடம் அழகான ஒரு வழி இருக்கிறது: சக மருத்துவர், சக ஆசிரியர், சக ஆய்வாளர், சக எழுத்தாளர் என்று தொழிலின் பெயரோடு ‘சக’ என்பதைச் சேர்த்துவிடலாம். மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் ‘சக ஊழியர்’ என்று எழுதுவதைவிட, இன்ன தொழில் என்று தெரிந்துகொண்டு அதன் பெயரை வைப்பதே பொருளுக்கு நெருக்கமாக அமையும்.

எல்லைக்குள் பதவியில் மேல், கீழ் என்ற வேறுபாட்டுக்கும் இடம் உண்டு, ஆனால் கவனமாகக் கையாள வேண்டும். சொல்லின் உள்ளே சமநிலை என்ற குறிப்பு இருப்பதால், மேலதிகாரி ஒருவர் தமக்குக் கீழே பணிபுரிபவரை வெளியாரிடம் ‘மை கொலீக்’ என்று அறிமுகப்படுத்தினால் அது பெருந்தன்மையாகக் கேட்கும். இருவரும் சேர்ந்து பணியாற்றுகிறோம் என்ற மரியாதை அதில் வந்துவிடும். கீழே இருப்பவர் தம் மேலதிகாரியை அப்படி அறிமுகப்படுத்தினால், சில இடங்களில் அது தம்மை உயர்த்திக்கொள்வதாகத் தோன்றக்கூடும். அப்போது ‘மை மேனேஜர்’ என்பதே பாதுகாப்பான தேர்வு. வயதிலோ அனுபவத்திலோ மூத்தவர் என்றால் ‘சீனியர் கொலீக்’ என்று சொல்லலாம். அதில் சமநிலையும் மரியாதையும் ஒருங்கே இருக்கின்றன.

கோவொர்க்கர் என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் வேலை செய்பவர் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சில் அதுவே அதிகம் புழங்குகிறது. கொலீக் என்பதில் தொழில்முறைப் படிப்பும் பொறுப்பும் உள்ளவர்களின் வாசனை சற்று ஒட்டியிருந்தது. இன்று அந்த வாசனை கரைந்து வருகிறது: பிரிட்டனில் பெரிய சில்லறை வணிக நிறுவனங்கள் பல, கடைத்தளத்தில் நிற்கும் பணியாளர்கள் உட்பட எல்லோரையும் கொலீக் என்றே குறிப்பிடுகின்றன. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் புழங்கும் வொர்க்மேட் என்பது நட்பின் சூடு கொஞ்சம் கலந்த பேச்சுச் சொல். தொழில்முறைக் கடிதத்தில் கொலீக், பேச்சில் கோவொர்க்கர் என்று வைத்துக்கொண்டால் தவறு நேராது.

நான்காம் படி: அடைமொழியைச் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள்

இந்தப் படியில் நான் கூடுதல் நேரம் நிற்க விரும்புகிறேன். ஒரே அடைமொழியை இரண்டு சொற்களின் முன்னும் வைத்துப் பார்த்தால், அவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு அகராதி விளக்கத்தைக் காட்டிலும் தெளிவாக வெளியே வந்துவிடும்.

முதலில் ‘ஃபார்மர்’ என்ற அடைமொழி. முன்னாள் என்று பொருள். ‘ஃபார்மர் கொலீக்’ என்று சொன்னால், இருவரில் ஒருவர் வேலை மாறிவிட்டார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ‘ஃபார்மர் ஃப்ரெண்ட்’ என்று சொன்னால் கேட்பவர் முகம் மாறும். ஏதோ மனக்கசப்பு நேர்ந்து உறவு முறிந்திருக்கிறது என்று அவர் புரிந்துகொள்வார். முன்பு ஒன்றாகப் படித்து, இப்போது தொடர்பு குறைந்துபோன ஒருவரைச் சொல்ல நினைத்து இந்தத் தொடரைப் பயன்படுத்தினால், நடக்காத சண்டை ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும். அங்கே ‘ஓல்ட் ஃப்ரெண்ட்’ என்பதே சரி. அது நெடுநாள் பழகிய நண்பரைக் குறிக்குமேயன்றி வயதானவர் என்று பொருள்படாது.

அடுத்து ‘க்ளோஸ்’. க்ளோஸ் ஃப்ரெண்ட் என்றால் மனத்தால் நெருங்கியவர். உங்கள் துயரம் அவருக்குத் தெரியும். க்ளோஸ் கொலீக் என்றால் வேலையில் நெருங்கியவர். ஒரே பணியைச் சேர்ந்து செய்கிறீர்கள், உங்கள் துயரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஃப்ரெண்ட் படிநிலைகள் கொண்ட சொல். குட் ஃப்ரெண்ட், க்ளோஸ் ஃப்ரெண்ட், பெஸ்ட் ஃப்ரெண்ட் என்று அது படியேறிச் செல்லும். கொலீக்குக்கு அத்தகைய படிகள் இல்லை. குட் கொலீக் என்பது, அவருடன் வேலை செய்வது எளிது, அவர் உதவுவார் என்ற மதிப்பீடுதான்.

‘ஜஸ்ட்’ என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ‘ஜஸ்ட் எ கொலீக்’ என்பவர் நட்பை மறுக்கிறார். ‘ஜஸ்ட் எ ஃப்ரெண்ட்’ என்பவர் காதலை மறுக்கிறார். ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு வெவ்வேறு கதவுகளை மூடுகிறது. இதனோடு சேர்ந்த இன்னொரு கண்ணி, ‘கேர்ள்ஃப்ரெண்ட்’. உடன் பணிபுரியும் பெண் ஒருவரைப் பற்றி ஆண் ஒருவர் ‘மை கேர்ள் ஃப்ரெண்ட்’ என்றால், இடைவெளி விட்டு எழுதினாலும் கேட்பவர் காதலி என்றே கொள்வார். தோழி என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ஃப்ரெண்ட் என்பதே போதும். அந்தச் சொல்லில் பாலினக் குறி இல்லை.

இழப்பைச் சொல்லும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகும். ஒருவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டதை ‘வி லாஸ்ட் எ குட் கொலீக்’ என்று சொல்ல முடியும். ‘ஐ லாஸ்ட் எ ஃப்ரெண்ட்’ என்றால் ஒன்று மரணம், இல்லையேல் உறவு முறிவு. வேலை மாற்றம் என்று யாரும் எண்ண மாட்டார்கள்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு சொல்லும் எந்த வினையோடு சேர்கிறது என்று கவனியுங்கள்

ஃப்ரெண்டை உருவாக்கலாம், கொலீக்கை உருவாக்க முடியாது. ‘மேக் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற தொடர் இருக்கிறது, ‘மேக் கொலீக்ஸ்’ என்ற தொடர் இல்லை. இங்கே பன்மையைக் கவனியுங்கள்: ஒரே ஒருவரோடு நட்பானாலும் ‘ஐ மேட் ஃப்ரெண்ட்ஸ் வித் ஹிம்’ என்றுதான் வரும், நட்பு என்றாலே இருவர் வேண்டும் என்பதை அந்தப் பன்மை காட்டுகிறது. ‘ஐ ஆம் ஃப்ரெண்ட்ஸ் வித் ஹர்’ என்பதிலும் எழுவாய் ஒருமை, பெயர்ச்சொல் பன்மை. தமிழ் வழியாக யோசிப்பவருக்கு இது பிழையாகத் தோன்றும். ஆனால் இதுவே வழக்கு.

‘மை ஃப்ரெண்ட்’, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ என்ற இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் எடை வேறு. முதலாவது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவரையோ பெயர் சொல்லிக் குறிக்கப்படுபவரையோ சுட்டும்; இரண்டாவது, என் நண்பர்களுள் ஒருவர் என்று மெல்லச் சொல்லும். பெயரில்லாமல் ஒருவரைப் பேச்சில் முதன்முதலாகக் கொண்டுவரும்போது இரண்டாவதே இயல்பு. கொலீக்குக்கும் இதே அமைப்பு பொருந்தும்: ‘எ கொலீக் ஆஃப் மைன்’. விளிக்கும்போது ‘மை ஃப்ரெண்ட்’ என்பதில் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் வாக்குவாதத்தின் நடுவே ‘லிசன், மை ஃப்ரெண்ட்’ என்று வந்தால் அது மிரட்டலின் தொனியைப் பெற்றுவிடும்.

பெயரடைகள் சொல்லும் செய்தி முக்கியமானது. ஃப்ரெண்ட்லி என்பது நட்பாகப் பழகும் தன்மையைக் குறிக்கும், நட்பைக் குறிக்காது. ‘வி ஆர் ஃப்ரெண்ட்லி’ என்றால் சிரித்துப் பேசுகிறோம் என்று பொருள். ‘வி ஆர் ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் நண்பர்கள். இதனால்தான் ‘ஃப்ரெண்ட்லி கொலீக்’ என்ற தொடர், இனிமையாகப் பழகும், ஆனால் நண்பராகாத ஒருவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அலுவலகத்தில் நாம் சந்திப்பவர்களுள் பலர் இந்த வகையினர்தான். கொலீக்கின் குடும்பத்தைச் சேர்ந்த கொலீஜியல் என்ற பெயரடையைப் பெரும்பாலும் பணிச்சூழலுக்கு அடையாகப் பார்க்கலாம். பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு பரஸ்பர மதிப்போடு நடக்கும் இடம் என்பது அதன் பொருள்.

ஃப்ரெண்ட் வினையாகவும் வழங்குகிறது. சமூக வலைத்தளத்தில் ஒருவரை இணைப்பிலிருந்து நீக்குவதைக் குறிக்கும் ‘அன்ஃப்ரெண்ட்’ என்ற வினையை, 2009-ஆம் ஆண்டின் சொல்லாக நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் டிக்ஷனரி தேர்ந்தெடுத்தது. 2004-இல் தொடங்கிய ஃபேஸ்புக், அறிமுகமானவர், உறவினர், பழைய வகுப்புத் தோழர் எல்லோரையும் ஃப்ரெண்ட் என்ற ஒரே பட்டியலில் போட்டது. தொழில்முறைத் தளமான லிங்க்டுஇன் அந்தச் சொல்லைத் தவிர்த்து ‘கனெக்ஷன்’ என்று வைத்துக்கொண்டது. வேலை சார்ந்த தொடர்புக்கு ஃப்ரெண்ட் பொருந்தாது என்பதை அந்தச் சொல்தேர்வே காட்டுகிறது என்று நான் கருதுகிறேன்.

ஆறாம் படி: மரபு வழியாக வரும் ‘ஃப்ரெண்ட்’டை அடையாளம் காணுங்கள்

சில அவைகளில் ஃப்ரெண்ட் என்ற சொல் உணர்ச்சியை விட்டுவிட்டு மரியாதை வாய்பாடாக நிற்கிறது. ஆங்கில நீதிமன்ற மரபில், எதிர்த்தரப்புக்காக வாதாடும் வழக்கறிஞரைக்கூட ‘மை லேர்னெட் ஃப்ரெண்ட்’ என்று குறிப்பிடுவார்கள். பிரிட்டனின் மக்களவையில் தம் கட்சி உறுப்பினரை ‘மை ஹானரபிள் ஃப்ரெண்ட்’ என்பது வழக்கம். எதிர்க்கட்சியினர் என்றால் ஃப்ரெண்ட் போய், ‘ஹானரபிள் ஜென்டில்மேன்’ அல்லது ‘ஹானரபிள் லேடி’ வந்துவிடும். அங்கே அந்த ஒற்றைச் சொல் கட்சி எல்லையையே காட்டுகிறது. அமெரிக்க செனட்டில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கொலீக் என்று சுட்டுவது உண்டு. அமெரிக்க காங்கிரஸில் உறுப்பினர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சுற்றுக்கடிதங்களுக்கு ‘டியர் கொலீக்’ கடிதங்கள் என்பதே பெயர். வழக்கில் கட்சிக்காரராக இல்லாமல் நீதிமன்றத்துக்குக் கருத்துரைத்து உதவுபவர் ‘ஃப்ரெண்ட் ஆஃப் தி கோர்ட்’. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் சமயத்தவர் தம்மையே ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். இவற்றைச் செய்தியில் படிக்கும்போதோ மொழிபெயர்க்கும்போதோ ‘என் நண்பர்’ என்று அப்படியே எழுதினால் தவறான நெருக்கம் தோன்றிவிடும். நீதிமன்றத் தொடரைக் ‘கற்றறிந்த சக வழக்கறிஞர்’ என்ற பொருளில் கொள்வதே தகும்.

ஏழாம் படி: ஒருவரே இரண்டுமாக இருக்கும்போது எதைச் சொல்வது என்று முடிவு செய்யுங்கள்

வேலையில் சந்தித்தவர் காலப்போக்கில் நண்பராவது இயல்பு. அப்போது கொலீக் என்பது பொய்யாகிவிடாது, ஃப்ரெண்ட் அதன் மேல் வந்து சேர்கிறது. எந்தச் சொல்லை எடுப்பது என்பதை இடம் தீர்மானிக்கும். வாடிக்கையாளர் முன்னிலையில் அவர் கொலீக். உங்கள் வீட்டு விழாவில் அவர் ஃப்ரெண்ட். அங்கே கொலீக் என்று அறிமுகப்படுத்தினால் அவர் மனம் புண்படவும் கூடும், ஏனென்றால் இத்தனை ஆண்டுப் பழக்கத்தை வேலை நேரத்துக்குள் அடைத்துவிட்டதாக அவர் உணர்வார். நடுவில் நிற்க விரும்பினால் ‘எ ஃப்ரெண்ட் ஃப்ரம் வொர்க்’ என்ற தொடர் இருக்கிறது. நட்பு முதலில், அது முளைத்த இடம் பிறகு. ‘எ கொலீக் ஃப்ரம் வொர்க்’ என்பதைத் தவிர்க்கலாம்; கொலீக் என்ற சொல்லுக்குள்ளேயே வேலை இருப்பதால் அது கூறியது கூறல். இருவரில் ஒருவர் வேலை மாறிய பிறகும் பழக்கம் தொடர்ந்தால் ‘ஃபார்மர் கொலீக்’ என்பதை விட்டுவிட்டு ஃப்ரெண்ட் என்று சொல்லத் தொடங்குவதே உண்மைக்கு நெருக்கமானது. நட்பும் இல்லை, ஒரே வேலையும் இல்லை, முகம் மட்டும் தெரியும் என்றால், அதற்கு ‘அக்வெய்ன்டன்ஸ்’ என்ற சொல் இருக்கிறது; அறிமுகமானவர் என்று நாம் சொல்வது அதுதான்.

எட்டாம் படி: எழுத்தில் வைக்கும்போது விளைவை எண்ணிப் பாருங்கள்

பேச்சில் தவறான சொல் விழுந்தால் குரலும் முகமும் காப்பாற்றிவிடும். எழுத்துக்கு அந்தத் துணை இல்லை. ஒருவருக்குப் பணிப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது ‘மை ஃப்ரெண்ட்’ என்று தொடங்கினால், அன்பினால் புகழ்கிறார் என்று படிப்பவர் எண்ணி, பின்வரும் பாராட்டுகளின் மதிப்பைக் குறைத்துக்கொள்வார். ‘ஐ வொர்க்ட் வித் ஹர் ஆஸ் எ கொலீக் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதினால், அந்த ஐந்து ஆண்டுகளே உங்கள் சொல்லுக்குச் சான்றாக நிற்கும். நேர்காணலுக்கு வருபவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்று தேர்வுக்குழுவுக்கு அறிவிக்க வேண்டிய சூழலில் இதற்கு நேர்மாறான பொறுப்பு உண்டு: அவர் உண்மையில் ஃப்ரெண்ட் என்றால் ஃப்ரெண்ட் என்றே எழுத வேண்டும். கொலீக் என்று எழுதி நெருக்கத்தை மறைப்பது நேர்மையாகாது.

அலுவலக மின்னஞ்சலில் பலரை ஒருங்கே விளிக்க ‘டியர் கொலீக்ஸ்’ பொருத்தமானது. அதில் குளிர்ச்சி ஒன்றும் இல்லை. ‘டியர் ஃப்ரெண்ட்ஸ்’ என்பது சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் தம் ஆதரவாளர்களுக்கு எழுதும் நடை. அறிமுகமில்லாத ஒருவருக்குத் தனியாக ‘டியர் ஃப்ரெண்ட்’ என்று எழுதுவதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். மோசடி மின்னஞ்சல்கள் பல அப்படித்தான் தொடங்குகின்றன என்பதால் பெறுபவர் படிக்காமலே நீக்கிவிடக்கூடும்.

இரங்கல் குறிப்பு எழுத நேரும்போது மட்டும் இந்த வழிகாட்டியின் கறாரைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளச் சொல்வேன். மறைந்தவரோடு வேலையில் மட்டும் பழகியிருந்தால் கொலீக் என்பதுதான் துல்லியம். ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கப் போகிறவர்கள் அவருடைய குடும்பத்தார். ஆங்கிலத்தில் இதற்காகவே ‘எ வேல்யூட் கொலீக்’, ‘எ டியர் கொலீக்’ என்று மதிப்பும் பரிவும் சேர்த்துச் சொல்லும் வழக்கு இருக்கிறது. அவர் உங்களுக்கு உண்மையாகவே நண்பராகவும் இருந்திருந்தால் ‘கொலீக் அண்ட் ஃப்ரெண்ட்’ என்று, ஃப்ரெண்டை இரண்டாவதாக வையுங்கள். வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் சொல்தான் படிப்பவர் மனத்தில் தங்கும். அவர் வீட்டார் தேடுவதும் அந்தச் சொல்லைத்தான்.